கேட்டையா, மூலமா

என் வயசுக்காரர்களே, நீங்களும் காலையில் ஒரு தேதித் தாளைக் கிழித்துவிட்டுத்தான் இதைப் படிக்க உட்கார்ந்திருப்பீர்கள். நானும் கிழித்துவிட்டுத்தான் வந்தேன். இன்றைக்கு என்ன திதி, என்ன நட்சத்திரம் என்று கேளுங்கள், பார்க்காமல் சொல்வேன். பஞ்சாங்கம் தெரியாதவள் வாய்க்கு வந்ததைப் பேசுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன். எனக்குச் சந்திரன் மேல் கோபம் எதுவும் இல்லை. அது பாட்டுக்கு அது சுற்றுகிறது. அதன் பெயரைச் சொல்லி எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியை நடுக்கூடத்தில் நிற்க வைத்தார்களே, அவர்கள் மேல்தான் கோபம். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

அது தொண்ணூற்றியொன்றாம் வருஷம். எனக்குப் பதின்மூன்று வயது. தாம்பரத்திலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத் போகிற ரோட்டை ஒட்டியே எங்கள் ஊர். இப்போது கம்பெனிச் சுவர் போகிற இடத்தில் அப்போது எங்கள் வேர்க்கடலைக் கொல்லை இருந்தது.

எங்கள் வீட்டுக் காலண்டர் வாலாஜாபாத் உரக்கடையில் கொடுத்தது. பளபளவென்று அட்டையில் ஒரு முருகன், அவர் காலடியில் கடையின் பெயர், அதற்கும் கீழே தடியாகத் தாள் கட்டு, அதன் தலையில் ஒரு தகரப் பட்டை. அவசரப்பட்டு இழுத்தால் அந்தத் தகரம் விரலைக் கிழிக்கும். புதுக் காலண்டரில் பசை வாசனையும் மை வாசனையும் கலந்து வரும். அதை மோந்து பார்ப்பதற்காகவே நான் முதலில் எழுந்துகொள்வேன். கிழித்த தாளை வீணாக்க மாட்டோம். அம்மா அதில் பெருங்காயம் மடித்து வைப்பாள், அப்பா காது குடைவார்.

தாளைச் சத்தமாகப் படிப்பது என் வேலை. அப்பாவுக்குப் பொடி எழுத்து படிக்க வராது. அம்மாவுக்கு நேரம் கிடையாது. அதைக் கேட்பதற்கென்றே அடுத்த தெருவிலிருந்து அத்தை வந்துவிடுவாள். அப்பாவுக்கு மூத்தவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்று, கோர்ட்டில் தீர்ப்பு கேட்பது போலக் கேட்பாள்.

அந்தத் தாளில் என்னதான் இருக்கிறது என்று எனக்கு நானே பிரித்துக் கற்றுக்கொண்டேன். அமாவாசையன்று சூரியனும் சந்திரனும் ஒரே பக்கம் நிற்கின்றன. அங்கிருந்து சந்திரன் விலகிப் போகிற ஒவ்வொரு எட்டும் ஒரு திதி. பதினைந்தாவது எட்டில் பௌர்ணமி, இன்னும் பதினைந்தில் மறுபடி அமாவாசை. வானத்தை இருபத்தேழு வீடாகப் பிரித்தால், சந்திரன் அன்றைக்குத் தங்குகிற வீடு நட்சத்திரம். கிழமை எல்லோருக்கும் தெரியும். யோகம், கரணம் என்று இன்னும் இரண்டு உண்டு, அதை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஐந்தும் சேர்ந்தால் பஞ்சாங்கம். மாசம் மட்டும் சூரியன் கணக்கு. சூரியன் மேஷத்துக்குள் நுழைந்தால் சித்திரை, அவ்வளவுதான்.

இதில் ஒரு சங்கதி. சந்திரன் நம் கடிகாரத்தைப் பார்த்து வீடு மாற்றுவதில்லை. மத்தியானச் சோற்று வேளையில் மாறும், விடியற்காலையிலும் மாறும். அதனால்தான் தாளில் இன்ன நேரம் வரை பரணி, பின்பு கிருத்திகை என்று போட்டிருக்கும். அந்தப் 'பின்பு' என்ற சொல்லை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். எங்கள் அக்கா அந்தச் சொல்லுக்குள்தான் பிறந்திருந்தாள்.

அக்கா தாம்பரத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள். சட்டைக்குக் காலர் வைக்கிற லைன். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் ஷிப்டுக்குப் போக முடியும். ஓவர்டைம் இருந்தால் வீடு திரும்ப இருட்டிவிடும். அவள் துணியெல்லாம் புதுப் பருத்தி வாசனை. தலைமுடியில் எப்போதும் வெள்ளை நூல் ஒன்று ஒட்டியிருக்கும், அதை எடுத்துப் போடுவது எனக்கு ஒரு விளையாட்டு.

திங்களும் சனியும் கிழக்கே சூலம். அந்தத் திசையில் போகக் கூடாது, போனால் தயிர் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும், அதுதான் பரிகாரம். தாம்பரம் எங்களுக்குக் கிழக்கே இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் அத்தை ஒரு கரண்டித் தயிரோடு வாசலில் நிற்பாள்.

"அத்தே, இந்தத் தயிர எங்க சூப்பர்வைசருக்கு ஊத்து. அந்தாளுதான் எனக்குச் சூலம்" என்பாள் அக்கா. சொல்லிவிட்டு விழுங்குவாள். அத்தையை நோகடிக்க மாட்டாள். அப்போது நான் சிரித்தேன். அந்த ஒரு கரண்டி தயிரில் ஆரம்பித்துத்தான் ஒவ்வொன்றாக எங்கள் தலையில் ஏற்றினார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

அக்காவுக்கு இருபத்திரண்டு வயது. ஜாதகத்தில் கேட்டை நட்சத்திரம். கேட்டையில் பிறந்த பெண் புருஷனுடைய அண்ணனுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு. ஆயில்யம் என்றால் மாமியாருக்கு ஆகாது. விசாகம் என்றால் கொழுந்தனாருக்கு. மூலம் என்றால் மாமனாருக்கு. கவனித்தீர்களா? பெண் பிறந்த நட்சத்திரம் யாராவது ஒருத்தரைக் கொன்றுகொண்டே இருக்கிறது. ஆண் பிறந்த நட்சத்திரம் எந்த மாமியாரைக் கொன்றது என்று எந்தத் தாளிலும் நான் படித்ததில்லை.

பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டார்கள், காபி குடித்தார்கள், நட்சத்திரம் கேட்டார்கள், போய்ப் பதில் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு வருஷம் இப்படி. கடைசியில் அத்தைதான் ஒரு வழி சொன்னாள். அண்ணனே இல்லாத மாப்பிள்ளையாகப் பார்த்தால் கேட்டை என்ன செய்யும்?

அப்படி அகப்பட்டவர்தான் சேரப்பணஞ்சேரி மாப்பிள்ளை. வீட்டுக்கு மூத்த பிள்ளை. தண்டலம் பக்கம் நட்டு போல்ட்டு செய்கிற கம்பெனியில் வேலை. ஆள் சிவப்பு, வாய் திறந்து பேசியதை நான் பார்க்கவில்லை. மாசி மாசத்தில் பாக்கு வெற்றிலை மாற்றி, அக்காவுக்குப் பூ வைத்து, மயில் கழுத்து நிறத்தில் ஒரு புடவையும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மாப்பிள்ளையை விட மாப்பிள்ளையின் அப்பாவைத்தான் எங்களுக்குப் பிடித்தது. கல் உடைக்கிற கிரஷரில் மேஸ்திரி அவர். புருவத்திலும் காது மடலிலும் சாம்பல் நிறமாகக் கல்தூள் படிந்திருக்கும், எத்தனை குளித்தாலும் போகாது போலிருக்கிறது. அக்கா போகிற பஸ்ஸில்தான் அவரும் ஏறுவார். பாக்கு மாற்றின மறுநாளிலிருந்து அவளைப் பார்த்தால் எழுந்து தன் இடத்தைக் கொடுத்துவிடுவாராம்.

"நீ ஒக்காரும்மா. நாள் பூரா மிஷின மெதிக்கிற காலு" என்பாராம்.

"நீங்க இன்னா மாமா, இருமிக்கினே நிக்கிறீங்க. ஆஸ்பத்திரிக்கிப் போனீங்களா, இல்லியா?"

"போவலாம், போவலாம். மொதல்ல கல்யாணம் முடியட்டும்."

ஒரு நாள் அவர் கைக்குட்டையில் சிவப்பாக இருந்ததை அக்கா பார்த்துவிட்டாள். வீட்டில் யாருக்கும் சொல்லாதே, பயந்துடுவாங்க என்றாராம். அக்கா சொல்லவில்லை. எங்களிடம்கூட அப்போது சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸில் பார்க்கிற போதெல்லாம் ஆஸ்பத்திரி பேச்சை எடுத்திருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாராம்.

சித்திரை பிறந்தது. பிரஜோற்பத்தி வருஷம். கல்யாணத்துக்கு நாள் குறிக்க மாப்பிள்ளையின் தாய்மாமன் காஞ்சிபுரத்தில் ஒரு ஜோசியரிடம் இரண்டு ஜாதகத்தையும் கொண்டுபோனார். அந்த ஜோசியர் அக்காவின் ஜாதகத்தைப் புதிதாகக் கணித்துப் பார்த்துவிட்டு, இது கேட்டை இல்லை, மூலம், அதுவும் முதல் பாதம் என்று சொல்லிவிட்டார்.

ஒரு பெண்ணுக்கு எப்படி இரண்டு நட்சத்திரம்? பஞ்சாங்கம் இரண்டு வகை, அதுதான் காரணம். வாக்கியப் பஞ்சாங்கம் பழைய சூத்திரங்களை வைத்து, வழிவழியாக வந்த கணக்குப்படியே சந்திரனை நடத்தும். திருக்கணிதம், வானத்தில் சந்திரன் நிஜமாக எங்கே நிற்கிறது என்று பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் வித்தியாசம் வரும். பெரும்பாலும் அதனால் யாருக்கும் ஒன்றுமில்லை. ஒரு வீட்டின் நடுவில் பிறந்தவர்களுக்கு இரண்டிலும் ஒரே நட்சத்திரம்தான். அக்கா வாசற்படியில் பிறந்தவள். ஒரு பஞ்சாங்கப்படி சந்திரன் இன்னும் கேட்டையில் இருந்தது. இன்னொன்றின்படி மூலத்துக்குள் காலை வைத்துவிட்டது. இதில் இருந்தால் புருஷனுடைய அண்ணனைக் கொல்வாள், அதில் இருந்தால் மாமனாரைக் கொல்வாள். யாரையும் கொல்லாமல் பிறப்பதற்கு அவளுக்கு இடமே வைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லோரும் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, தாய்மாமன், காஞ்சிபுரத்து ஜோசியர். அப்பா விஷயம் தெரிந்து வாலாஜாபாத்திலிருந்து எங்கள் ஜோசியரையும் வரவழைத்திருந்தார். வெயில் கொளுத்துகிறது. எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு ஜோசியர்களும் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரலை மடக்கி மடக்கிச் சண்டை போட்டார்கள். ஒருவர், கோயில்ல எல்லாம் வாக்கியந்தான், பெரியவங்க கணக்கைத் திருத்த நீ யாரு என்றார். மற்றவர், கிரகணத்தை எதை வைத்துச் சரியாகச் சொல்கிறார்கள், போய்க் கேள் என்றார். நான் மோர் கொண்டுபோய் வைத்தேன். இருவரும் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள்.

அக்கா உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டது.

 மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "போதும் நிறுத்துங்கய்யா" என்றார். "எனக்கு அறுவது ஆவப்போவுது. சாவறதுக்கு ஒரு மருமவ வந்துதான் ஆவணுமா? எனக்கு இந்தப் பொண்ணப் புடிச்சிகீது. வர்ற முகூர்த்தத்துல முடிச்சிடலாம்."

அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அந்த நொடியோடு எல்லாம் சரியாகியிருக்க வேண்டும். ஆனால் அவர் பெண்டாட்டி வாயைத் திறந்தாள்.

"உனக்கு இன்னா, நீ பாட்டுக்குப் போயிடுவ. தாலி என் கழுத்துல இல்ல கீது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு இருமினார். அந்த அம்மாவை நான் ரொம்ப நாள் வெறுத்தேன். இப்போது என் கழுத்திலும் தாலி ஏறி, அது ஊரில் என்னவெல்லாம் செய்யும், இல்லாமல் போனால் என்னவெல்லாம் ஆகும் என்று பார்த்த பிறகு, அவள் பயத்தை என்னால் வெறுக்க முடியவில்லை. பயத்தைக் கையில் பிடித்துக்கொடுத்தவர்களை வெறுக்கிறேன்.

அத்தை அப்பாவின் பக்கத்தில் போய்க் குனிந்து மெதுவாகச் சொன்னாள். மெதுவாக என்றால், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "பொறந்த நேரத்த செத்த முன்னாடி தள்ளிச் சொல்லிடலாம். அப்ப ரெண்டு பஞ்சாங்கத்துலயும் கேட்டையே வந்துடும். யாருக்குத் தெரியப்போவுது?"

அப்போதுதான் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நடுவில் நின்றாள். அம்மா ஆம்பிளைகள் கூடியிருக்கிற இடத்தில் நின்று பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இன்னாத்த அண்ணி தள்ளறது? மொதல்ல நேரம்னு ஒன்னு இருந்தாத்தான தள்ளறதுக்கு? அன்னிக்கி இந்த வூட்ல கடியாரம் ஏது? மொத பஸ் போவுது, கொழந்த பொறந்துடுச்சின்னு நீங்கதான சொன்னீங்க? மழைக்கி ரோடு அறுத்துக்கினு கெடந்த வாரம் அது. பஸ்ஸு நேரத்துக்கு வந்திச்சா, எப்ப வந்திச்சின்னு யாரு கண்டா? ஒரு ஆரன் சத்தத்த வச்சி எழுதின ஜாதகம். அத வச்சிக்கினு ரெண்டு பேரும் சந்திரன அளந்துக்கினு கீறீங்க."

 ஜோசியர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு உள்ளுக்குள் ஏதோ திறந்துகொண்ட மாதிரி இருந்தது.

"அப்ப பஸ்ஸு லேட்டா வந்தா நட்சத்திரம் மாறிடுமா?" என்று கேட்டுவிட்டேன்.

நறுக்கென்று அத்தை என் மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். இன்றைக்கும் அந்த இடம் தெரியும். ஆனால் சொல்கிறேன், கேட்டதற்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அந்த வீட்டில் அன்றைக்கு இரண்டு பேர்தான் புத்தியோடு பேசினோம், அம்மாவும் நானும்.

தாய்மாமன் எழுந்தார். "அப்ப நேரமே தெரியாத பொண்ணா? இது கேட்டை மூலத்த வுட மோசம். எழுந்திரு மாப்ள" என்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார்.

அக்கா வெளியே வந்தாள். மயில் கழுத்துப் புடவையை மடித்துத் தாம்பாளத்தில் வைத்து எடுத்து வந்திருந்தாள். நேராக மாப்பிள்ளையின் முன்னால் போய் நின்றாள்.

"நீங்க ஒன்னும் சொல்லலியே?"

அவர் தரையைப் பார்த்தார். கால் விரலால் சிமெண்டைச் சுரண்டினார்.

"சரி" என்றாள் அக்கா. தாம்பாளத்தை அவர் காலடியில் வைக்கவில்லை, கையில் கொடுத்தாள். வாங்கிக்கொள்ளும்வரை நின்றாள். பிறகு அவர் அப்பாவைப் பார்த்து, "மாமா, கல்யாணம் முடியட்டும்னு சொல்லிக்கினு இருந்தீங்க. இப்ப அது இல்ல. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கிப் போங்க" என்றாள்.

அவர் கைகூப்பினார். ஒரு பெரிய மனுஷன் இருபத்திரண்டு வயதுப் பெண்ணைப் பார்த்துக் கைகூப்புவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. அத்தை தயிரோடு வரவில்லை. அக்கா நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். லைனில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு ஒரு காலர் கூடப் பிரித்துத் தைக்க வேண்டி வரவில்லை என்று வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னாள்.

வைகாசியில் எங்கள் பக்கத்துத் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது உலகத்துக்கே தெரியும். அதைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை. பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை, கம்பெனி திறந்த பிறகும் அக்காவை அனுப்ப அம்மாவுக்கு மனசில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அத்தை கிழித்துப் போட்ட பழைய தாளைத் தேடி எடுத்து வந்து, பாரு, அன்னிக்கி யோகமே சரியில்ல என்று அப்பாவிடம் காட்டினாள். நடந்து முடிந்த பிறகு தேடினால் எந்த நாளின் தாளிலும் ஒரு காரணம் கிடைக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. அது எங்கள் வீட்டுக்கும் வரப் போகிறது என்று தெரியவில்லை.

ஆவணியில் மாப்பிள்ளையின் அப்பா செத்துப்போனார். அதற்குள் மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்த்து, பாக்கு மாற்றி, பந்தக்கால் நடுகிற வரைக்கும் வந்திருந்தார்களாம். புதுப் பெண்ணுக்கு ரோகிணி நட்சத்திரம். புகுந்த வீட்டில் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாத நட்சத்திரம்.

சேதியை அத்தைதான் கொண்டுவந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "பாக்கு மாத்தினதோட போச்சின்னு நெனச்சோம். மூலம் வேலையக் காட்டிடுச்சி பாத்தியா?"

அதுவரை கேட்டைதான் என்று சாதித்தவள், அன்றைக்கு ஒரே தாவலில் மூலத்துக்குப் போய்விட்டாள். சேரப்பணஞ்சேரியிலும் அதேதான் பேச்சு என்றாள். கல்யாணமே ஆகாத பெண், ஊர் விட்டு ஊரில் இருந்துகொண்டு, வெற்றிலை பாக்கு வழியாக ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டாள். ரோகிணியால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை என்று யாரும் சொல்லவில்லை.

அக்கா முறத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மடியைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"நான் சாவுக்குப் போறேன்."

"உனக்கு இன்னா பைத்தியமா? மொத்துவாளுங்கடி" என்றாள் அத்தை.

"மொத்தட்டும். எனக்கு ஒக்கார எடம் குடுத்த மனுசன்."

அப்பா வேண்டாம் என்றார். அம்மா புடவை மாற்றிக்கொண்டாள். என்னையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டாள். அம்மா வழியில் கடையில் ஒரு மாலை வாங்கினாள். சம்பங்கி மாலை. பஸ்ஸில் அதை அக்கா மடியில் வைத்துக்கொண்டாள், வாசனை தலை வலிக்கும்படி இருந்தது.

அவர்கள் வீட்டு முன்னால் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் பெஞ்சு போட்டு ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் தாய்மாமன் வாசலை மறித்துக்கொண்டு வந்து நின்றார்.

"எங்கம்மா வந்த? உள்ள கால வச்ச, அவ்ளோதான்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களப் பாக்க வரல. அவரப் பாக்க வந்தேன். நவுருங்க."

  அவர் நகரவில்லை, அக்கா அவருக்குப் பக்கத்தில் இருந்த இடைவெளியில் நுழைந்து உள்ளே போய்விட்டாள். நாங்களும் போனோம்.

உள்ளே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அவரைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். காது மடலில் அப்போதும் அந்தச் சாம்பல் நிறம். அக்கா மாலையைப் போட்டுவிட்டு, கால் பக்கம் உட்கார்ந்தாள். ஒருத்தி, "தின்னுட்டு இப்ப பாக்க வந்துட்டா" என்று சத்தமாகவே சொன்னாள்.

"அவரத் தின்னது கல்லுத்தூளு. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே அவரு கிரஷருக்குப் போயிட்டாரு" என்றாள் அக்கா. கத்தவில்லை. "ரத்தம் ரத்தமா இருமினாரு. எந்த ஜோசியரும் அந்தக் கைக்குட்டைய விரிச்சிப் பாக்கல."

அவர் பெண்டாட்டி தலையை நிமிர்த்தினாள். முகம் வீங்கியிருந்தது. அடிக்கப் போகிறாள் என்று நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

"ரத்தம் வந்திச்சா?" என்று கேட்டாள். "உங்கிட்ட சொன்னாரா?"

"சொல்லல. நான் பாத்துட்டேன். நீங்க பயந்துடுவீங்க, சொல்லாதன்னாரு. ஆஸ்பத்திரிக்கிப் போங்கன்னு தெனம் சொன்னேம்மா. அன்னிக்கி உங்க எதிர்லயும் சொன்னேன்."

 அந்த அம்மா தன் பக்கத்தில் இருந்தவளைக் கையால் தள்ளி, அந்த இடத்தை அக்காவுக்குக் காட்டினாள். அக்கா போய் உட்கார்ந்தாள். தூக்குகிற வரைக்கும் அங்கேயே இருந்தாள். மாப்பிள்ளை மொட்டைத் தலையோடு எங்களைக் கடந்து போனார். 

அன்றைக்கு வீடு திரும்பியதும் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். என்ன ஆச்சு என்று அம்மா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் ஒரு தரகர் வந்து பேச்செடுத்தபோது, "நட்சத்திரம் கேக்கற எடம்னா வாணாம். டீ குடி, கெளம்பு" என்று அப்பா சொன்னதை நான் என் காதால் கேட்டேன். நல்ல மனுஷன், ஆனால் அதைச் சொல்ல அவருக்கு ஒரு சாவு தேவைப்பட்டது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அக்காவுக்கு மறு வருஷம் கல்யாணம் ஆயிற்று. அவள் கம்பெனியிலேயே மிஷின் ரிப்பேர் பார்க்கிறவர், மதுரைப் பக்கத்துக்காரர். எங்கள் வீட்டுக்குத் தனியாகவே வந்து பெண் கேட்டார். பிறந்த நேரம் என்ன என்று அத்தை கேட்டதற்கு, "நேரமெல்லாம் தெரியாதுங்க. செவலை மாடு கன்னு போட்ட அன்னிக்கிப் பெறந்தேன்னு எங்க ஆத்தா சொல்லும். அம்புட்டுதேன்" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள், சிரிப்பு தாங்கவில்லை.

பதிவு ஆபீசில் கல்யாணம். மார்கழி மாசம், செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ராகுகாலம். அங்கே அந்த நேரத்தில் ஈ காக்கை இல்லை. ஆபீசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வேற நாளே கெடைக்கலியாம்மா?" என்று கேட்டார்.

"நாளு நெறைய கீது சார். லீவுதான் கெடைக்கல" என்றாள் அக்கா.

அதற்கப்புறம் அவர்கள் குறையில்லாமல் வாழ்ந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் நானும் ஒரு ஜோசியம் சொன்னதாகிவிடும். கம்பெனி மூடியது, இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வேலை போனது. முதல் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. பிறகு ஒரு பையனும் ஒரு பெண்ணும் பிறந்தார்கள். அக்கா வீட்டுக்காரர் இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறார். அக்காவுக்கு முழங்கால் வலி. பண்டிகைக்குச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். எல்லா வீட்டையும் போலத்தான்.

அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. ரொம்ப நல்ல முகூர்த்தத்தில், எல்லாப் பொருத்தமும் பார்த்துத்தான் அவளைக் கட்டிக்கொடுத்தார்களாம். மூன்றாம் வருஷமே புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். மாமியார் வீட்டுக்குள் முதலில் எந்தக் காலை வைத்தோம், எந்த நாழிகையில் வைத்தோம் என்று ஆயுசு முழுக்க அவள் யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். இது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது. புரிந்ததற்காக அவள் செய்ததைச் சரி என்று சொல்ல முடியவில்லை.

அக்காவின் முதல் குழந்தை போனபோது அவளை எங்கள் வீட்டுக்குத்தான் கூட்டிவந்திருந்தோம். கண்ணை மூடிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அத்தை வந்தாள். கட்டிலின் ஓரம் உட்கார்ந்தாள். பெருமூச்சு விட்டு, "மார்கழியில, செவ்வாக்கெழமையில, ராகுகாலத்துல..." என்று ஆரம்பித்தாள்.

அம்மா அடுப்படியிலிருந்து ஒரு டம்ளர் டீயோடு வந்து அத்தையின் கையில் கொடுத்தாள். அவள் பக்கத்திலேயே நின்றாள்.

"சூடாறிடும். குடிச்சிட்டுக் கெளம்புங்க அண்ணி."